கவுண்டர் பிரஷர் ஃபில்லரில் பாதி பாட்டில் நுரை, மூன்று நாளில் கேஸ் இல்லாத பீர்: எங்கே தப்பு?

நுரைதள்ளி:

19 லிட்டர் கெக் (பீரை அழுத்தத்தில் வைக்கும் உலோகக் கலன்), உள்ளே பேல் ஏல் வகை பீர். 4 டிகிரி செல்சியஸில், 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் இரண்டு வாரம் இருந்து கார்பனேட் ஆன, அதாவது கேஸ் கரைந்த பீர். டேப்பில் பிடித்துக் குடித்தால் ஒரு குறையும் இல்லை. இதை கேஸ், பீர், ப்ளீட் (பாட்டிலிலிருந்து கேஸை வெளியே விடுவது) என மூன்று வால்வு உள்ள கவுண்டர் பிரஷர் ஃபில்லரால் 330 மில்லி பாட்டில்களில் நிரப்பும்போதுதான் சிக்கல்.

செய்முறை இது. பீர் மெதுவாக வரட்டும் என்று கெக்கில் உள்ள அழுத்தத்தை வெளியே விட்டு, ரெகுலேட்டரை (கேஸ் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தை அமைக்கும் கருவி) 5 பிஎஸ்ஐக்கு இறக்குகிறேன். பாட்டிலுக்குள் சில விநாடி கேஸ் விட்டு கேஸ் வால்வை மூடுகிறேன். பிறகு பீர் வால்வு கால்வாசி, ப்ளீட் வால்வு முழுசாகத் திறப்பு. பாட்டில்கள் கழுவி ஓவன் அடுப்பில் காயவைத்தவை, மேசை மேல் அறை வெப்பநிலையில் இருப்பவை. லைன் (கெக்கிலிருந்து ஃபில்லருக்குப் பீர் வரும் குழாய்) ஒன்றரை மீட்டர் நீளம், 6 மி.மீ. உள்விட்டம்.

பாதி ஏறுவதற்குள் ப்ளீட் வால்வு வழியாக நுரை பீறிடுகிறது. எப்படியோ நிரப்பி மூடி போட்டாலும், மூன்று நாள் கழித்துத் திறந்தால் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அழுத்தத்தை 3 பிஎஸ்ஐ வரை குறைக்கலாமா? இல்லை, லைனை நீட்ட வேண்டுமா?

மூன்றாம்வால்வு:

குறைக்காதீர்கள். குறைத்ததால்தான் இந்தக் கோளாறே.

4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ என்றால் பீரில் சுமார் 2.5 வால்யூம் கேஸ் கரைந்திருக்கிறது. அதாவது ஒரு லிட்டர் பீருக்குள் இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. மேலே அந்த 12 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அது உள்ளே இருக்கும். நீங்கள் 5-க்கு இறக்கியதும் கெக்கிலும் லைனிலுமே கேஸ் பிரியத் தொடங்கிவிடுகிறது. பாட்டிலுக்கு வருவது பாதி கேஸ் இழந்த பீரும் அது இழந்த கேஸால் ஆன நுரையும்தான். நிரப்பும்போது நுரை, திறக்கும்போது சப்பென்ற பீர்: இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம்.

5 பிஎஸ்ஐ என்ற கணக்கு, திறந்த பாட்டிலில் நிரப்பும் துப்பாக்கி வகைக் கருவிக்கு உரியது. அதில் பாட்டில் வாய் திறந்தே இருப்பதால் வேகத்தைக் குறைக்க வேறு வழியில்லை. இந்தக் கருவியின் தத்துவமே வேறு. பாட்டிலுக்குள்ளும் கெக்குக்குள்ளும் ஒரே அழுத்தம் இருந்தால் பீர் நகராது. ப்ளீட் வால்வைத் துளி திறந்தால் பாட்டிலில் அரை பிஎஸ்ஐ, ஒரு பிஎஸ்ஐ இறங்கும். அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் பீர் உள்ளே வர வேண்டும். ப்ளீட் வால்வை முழுசாகத் திறந்தால் பாட்டில் வெறும் காற்றழுத்தத்துக்கு வந்துவிடும். பிறகு கவுண்டர் பிரஷர் எங்கே இருக்கிறது?

பீர் வால்வைக் கால்வாசி திறப்பது இன்னொரு தப்பு. அந்த இடுக்கைத் தாண்டும்போது பீரின் அழுத்தம் சட்டென்று விழுகிறது, அங்கேயே கேஸ் பிரிகிறது. பீர் வால்வு ஒன்று முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுசாக மூடியிருக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது ப்ளீட் வால்வின் வேலை மட்டுமே.

சரியான வரிசை:

1. ரெகுலேட்டர் 12 முதல் 14 பிஎஸ்ஐ. அதிலிருந்து ஒய் வடிவ இணைப்பு போட்டு ஒரு கிளை கெக்குக்கு, மறு கிளை ஃபில்லருக்கு. ஒரே ரெகுலேட்டர் என்பதால் இரண்டு பக்கமும் அழுத்தம் தானாகச் சமமாகும். கெக்குக்குப் போகும் கிளையில் ஒரு செக் வால்வு இருந்தால் பீர் பின்னோக்கி ரெகுலேட்டருக்குள் ஏறாது.

2. ஃபில்லரின் ஸ்டாப்பரை (வாயை அடைக்கும் அடைப்பான்) பாட்டில் வாயில் அழுத்திப் பிடித்து, கேஸ் வால்வையும் ப்ளீட் வால்வையும் திறந்து உள்ளிருக்கும் காற்றைத் தள்ளுங்கள். பிறகு ப்ளீட் வால்வை மூடுங்கள். சீறல் நின்றால் அழுத்தம் சமமாகிவிட்டது என்று பொருள். சீறல் நிற்கவில்லை என்றால் ஸ்டாப்பர் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

3. கேஸ் வால்வை மூடி, பீர் வால்வை முழுசாகத் திறங்கள். பீர் அசையக் கூடாது. இப்போது ப்ளீட் வால்வை மயிரிழை திறங்கள். 330 மில்லி நிரம்ப 30 முதல் 40 விநாடி ஆக வேண்டும். 15 விநாடியில் நிரம்பினால் அதிகம் திறந்துவிட்டீர்கள்.

4. நிரம்பியதும் முதலில் ப்ளீட் வால்வு, அடுத்து பீர் வால்வு மூடுங்கள். ஐந்தாறு விநாடி அப்படியே விடுங்கள். பிறகு ப்ளீட் வால்வை மெல்லத் திறந்து, பத்து விநாடி எடுத்துக்கொண்டு பாட்டில் அழுத்தத்தை இறக்குங்கள். சட்டென்று ஸ்டாப்பரைப் பிடுங்கினால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

கண்ணாடியோடு வேலை செய்வதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வாய் உடைந்த, கீறல் விழுந்த பாட்டில்களைத் தூர எறியுங்கள். ஜாம் பாட்டில், சாதாரண ஒயின் பாட்டில் எதையும் இதில் மாட்டாதீர்கள். அவை அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

ஹாப்ஸ்காரன்:

வால்வு கதை மேலே சொல்லியாச்சு. பாட்டிலைப் பத்தி யாரும் பேசல.

சூடா இருக்கற பாட்டில்ல சில்லுனு இருக்கற பீரை ஊத்தறீங்க. 2.5 வால்யூம் கேஸை 4 டிகிரில பிடிச்சு வைக்க 12 பிஎஸ்ஐ போதும். அதே பீரை 20 டிகிரில பிடிச்சு வைக்க கிட்டத்தட்ட 28 பிஎஸ்ஐ வேணும். கண்ணாடில படற பீர் முதல்ல சூடாகும், அங்க இருந்துதான் நுரை கிளம்பும். பாட்டிலை ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜ்லயோ ஐஸ் தண்ணிலயோ வைங்க. முடிஞ்சா கெக்கையும் முந்தின நாளே 1 டிகிரிக்கு இறக்கிடுங்க. அப்படி இறக்கறப்போ ரெகுலேட்டர்ல கை வைக்காதீங்க.

அடுத்தது காயவைக்கற பழக்கம். காஞ்ச கண்ணாடில இருக்கற நுண்ணிய கீறல், தூசி எல்லாத்துலயும் காத்து ஒட்டிட்டிருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு குமிழி பிறக்கற இடம். ஸ்டார் சான்ங்கற சானிடைசரை (கிருமி நீக்கற திரவம்) ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை மில்லி கலந்து, உள்ள எல்லாப் பக்கமும் படற மாதிரி சுழட்டி, ஒரு நிமிஷம் விட்டுக் கவுத்துடுங்க. அலச வேண்டாம், துடைக்க வேண்டாம், ஈரமாவே நிரப்புங்க. அடில கொஞ்சம் சோப்பு நுரை மாதிரி நிக்கும், அது ஒண்ணும் பண்ணாது.

முதல் 200 மில்லியைப் பாட்டில்ல விடாம ஒரு டம்ளர்ல பிடிச்சிடுங்க. லைன், ஃபில்லர் ரெண்டும் அதுல குளிர்ந்துடும். கெக் அடில இருக்கற ஈஸ்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தர்ற பூ) தூளும் அதோட வந்துடும். அந்தத் தூளும் நுரையைக் கிளப்பற சங்கதிதான்.

லைனைப் பொறுத்தவரை, 4.8 மி.மீ. உள்விட்டத்துல 3 மீட்டர் போட்டுக்கோங்க. ப்ளீட் வால்வுல கை தப்பினாலும் லைன் தடுத்துக்கும்.

மூன்றாம்வால்வு:

பாட்டில் விஷயத்தில் முழு உடன்பாடு. லைன் விஷயத்தில் இல்லை. நீள லைன் தேவைப்படுவது டேப்பில் ஊற்றும்போது. அங்கே மறுமுனை திறந்த காற்று. இங்கே இரண்டு முனையும் ஒரே அழுத்தம். 3 மீட்டர் லைன் ஃபிரிட்ஜுக்கு வெளியே சுருண்டு கிடந்தால் அத்தனை நீளமும் சூடாகும், அது பெரிய தொல்லை. ஒன்றரை மீட்டரே போதும்.

ஹாப்ஸ்காரன்:

வெளிய கிடந்தா தொல்லைதான், ஒத்துக்கறேன். சுருளை ஃபிரிட்ஜ்க்குள்ளயே கெக் மேல வச்சு, கடைசி ஒரு அடி மட்டும் வெளிய வந்தா போதும். புதுசா பழகறவங்களுக்கு நீள லைன் ஒரு பிடிமானம். கை பழகினதும் வெட்டிக்கலாம்.

நுரைதள்ளி:

12 பிஎஸ்ஐ, ஒய் இணைப்பு, ஈரமான குளிர்ந்த பாட்டில், ப்ளீட் வால்வு மயிரிழை. முதல் ஆறு பாட்டில் கண்ணாடி மாதிரி நிரம்பின. ஏழிலிருந்து மறுபடி லைனில் குமிழிகள். இன்னொன்று: வாய்க்கு ஒரு விரல் கீழே நிறுத்துகிறேன், ஃபில்லரை எடுத்ததும் மட்டம் தோள் வரை இறங்கிவிடுகிறது. மூடி போட்டால் மேலே ஏகப்பட்ட இடம் காலி.

மூன்றாம்வால்வு:

மட்டம் இறங்குவது குழாயின் கனஅளவு. 8 மி.மீ. வெளிவிட்டக் குழாய் 20 செ.மீ. ஆழம் மூழ்கியிருந்தால் 10 மில்லி இடத்தை அது பிடித்திருக்கிறது. குறுகலான கழுத்தில் 10 மில்லி என்பது மூன்று செ.மீ.க்கு மேல். ஆகவே ஸ்டாப்பரைத் தொடும்வரை நிரப்புங்கள். ப்ளீட் வால்வில் கொஞ்சம் நுரை எட்டிப் பார்த்தால் சரியான அளவு. குழாயை எடுத்ததும் தேவையான காலியிடம் தானாகக் கிடைக்கும்.

குமிழிக்கு, அது லைனில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கெக்கில் லைனை மாட்டும் டிஸ்கனெக்டிலேயே குமிழி தெரிந்தால், பீர் வெளியேறும் போஸ்ட்டுக்கு (கெக்கின் இணைப்பு முனை) அடியில், கெக்கின் அடிவரை இறங்கும் டிப் டியூப் குழாயின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கலாம். அந்த வளையம் கசிந்தால் கெக்கின் மேல்பகுதியில் உள்ள கேஸ் நேராக பீரோடு கலந்து லைனுக்கு வரும். அழுத்தம், குளிர் எதை மாற்றினாலும் அடங்காது, வளையத்தை மாற்றினால் அன்றே நிற்கும். போஸ்ட்டின் பாப்பெட்டில் (உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வு) ஹாப்ஸ் தூள் சிக்கினாலும் அதே இடத்தில் குமிழி பிறக்கும். பீர் அந்த இடுக்கில் பிதுங்கி வருகிறது.

குமிழி ஃபில்லர் முனையில் மட்டும் தெரிந்தால் காரணம் சூடு. முதல் ஆறு பாட்டில் சரியாக வந்ததால் என் சந்தேகம் இதன்மேல்தான். ஒவ்வொரு பாட்டிலையும் நிரப்பி, மூடி அழுத்தி, துடைத்து வைத்துவிட்டு அடுத்ததுக்கு வருகிறீர்கள் அல்லவா? அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் உலோக ஃபில்லரும் அதற்குள் நிற்கும் பீரும் சூடாகிவிடும். கைக்கு ஒரு ஆள் சேர்த்து, ஒருவர் நிரப்ப ஒருவர் மூடுவது நல்லது. தனியாகச் செய்தால், இடைவெளியில் ஃபில்லரை ஐஸ் போட்ட சானிடைசர் ஜாடியில் நிறுத்தி வையுங்கள். குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, சுத்தத்துக்குச் சுத்தம்.

தெளிவு19:

நுரையைப் பற்றியே பேச்சு போகிறது. நுரை கண்ணுக்குத் தெரியும், ஆக்சிஜன் தெரியாது. பாட்டில் பீரைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடிக்கு அடியில் 20 மில்லி காற்று மாட்டிக்கொண்டால் அதில் சுமார் 4 மில்லி ஆக்சிஜன், எடையில் ஐந்தரை மில்லிகிராம். 330 மில்லி பீருக்கு அது லிட்டருக்கு 17 மில்லிகிராம் கணக்கு. பெரிய ஆலைகள் பாட்டிலில் மொத்த ஆக்சிஜனை லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கப் போராடுகின்றன. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பீர் சில வாரத்தில் பழுப்பேறி, ஈர அட்டைப்பெட்டி மணம் அடிப்பதற்கு இதைவிடக் காரணம் தேட வேண்டாம்.

அதனால்தான் நுரைமேல் மூடுவது. அழுத்தத்தை இறக்கி ஃபில்லரை வெளியே எடுத்ததும் நுரை வாய்வரை எழும்பி நிற்க வேண்டும். எழும்பவில்லை என்றால் பாட்டிலின் தோளில் விரல் கணுவால் இரண்டு தட்டு. நுரை விளிம்பைத் தொட்ட அந்தக் கணத்தில் மூடியை வைத்து அழுத்திவிடுங்கள். துளி நுரையும் வரக் கூடாது என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

காற்றை வெளியேற்றும் படியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 பிஎஸ்ஐ ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் பாதிக்குக் கொஞ்சம் மேல் பழைய காற்று மிஞ்சும். மூன்று முறை செய்தாலும் ஆறில் ஒரு பங்கு உள்ளேதான் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு கனமானது, அடியில் போர்வை மாதிரி படியும் என்பதை முழுசாக நம்ப முடியாது. வேகமாக விட்டால் காற்றோடு கலந்துவிடும். குழாய் முனை அடியில் இருக்க, ப்ளீட் வால்வைத் திறந்து வைத்து, கேஸை மெதுவாகப் பாட்டில் கொள்ளளவுக்கு மூன்று மடங்கு ஓடவிடுங்கள். 50 பாட்டிலுக்கு இப்படிச் செய்தாலும் செலவாவது சுமார் 100 கிராம் கேஸ்தான்.

மூடி வாங்கும் முன் பாட்டில் வாயை அளந்துகொள்ளுங்கள். 26 மி.மீ., 29 மி.மீ. என்று இரண்டு அளவு உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது, உட்கார்ந்த மாதிரி தெரிந்தாலும் கேஸ் கசியும். உங்கள் 'புஸ்' சத்தத்துக்கு அதுவும் ஒரு பங்காளியாக இருக்கலாம். நிரப்பிய இரண்டு பாட்டிலைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால் மூடி சரியில்லை.

ஹாப்ஸ்காரன்:

ஒரு எச்சரிக்கை, யாரும் சொல்லல. கெக்ல இருக்கற பீர் முழுசா புளிச்சு முடிஞ்சதான்னு ஹைட்ரோமீட்டர்ல (அடர்த்தி அளக்கற கருவி) பாத்துட்டு நிரப்புங்க. இதுல ஏற்கெனவே 2.5 வால்யூம் ஏறி நிக்குது. பாட்டில்ல ஈஸ்ட் மறுபடி வேலை செஞ்சு கிராவிட்டி (தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை குறையக் குறைய இறங்கும்) 1.014-ல இருந்து 1.010-க்கு இறங்கினா, இன்னும் ரெண்டு வால்யூம் கூடி நாலரை ஆகும். சாதாரண பாட்டில் மூணு வால்யூம் வரைக்கும்தான் நம்பலாம். பழச்சாறு, சர்க்கரை சேத்த கெக்கா இருந்தா நிரப்பின பாட்டில் ஃபிரிட்ஜை விட்டு வெளிய வரவே கூடாது.

நுரைதள்ளி:

டார்ச் அடித்தேன், குமிழி ஃபில்லர் பக்கம்தான். ஐஸ் ஜாடியில் நிறுத்தி நிறுத்தி எடுத்ததில் மிச்சம் 22 பாட்டிலும் ஒழுங்காக வந்தன, எல்லாமே நுரைமேல் மூடியவை. பாட்டிலில் கேஸ் டேப்பில் இருப்பதைவிட ஒரு சுற்றுக் குறைவாகத் தெரிகிறது. இது சகஜமா?

மூன்றாம்வால்வு:

சகஜம். எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் 0.1 முதல் 0.2 வால்யூம் போகும். அடுத்த கெக்கை நிரப்புவதற்கு முந்தைய வாரமே 14 பிஎஸ்ஐயில் வைத்துவிடுங்கள், பாட்டிலில் 2.5 நிற்கும். ஃபில்லரை இன்றே கழற்றிக் கழுவுங்கள்; ப்ளீட் வால்வுக்குள் போன நுரை காய்ந்து ஒட்டினால் அடுத்த முறை மயிரிழை திறப்பது நடக்காது.