மறுமொழி: மகுட மங்கலா, மகுடப் பொருளிழப்பா?

> வெடிப்பில் பொருள் வெளியேறுவதால்தானே அந்த இடம் கறுக்கிறது? 'மகுடப் பொருளிழப்பு' என்றே வைத்துவிடலாமே.

வணக்கம் ஐயா.

இதை என்னால் ஏற்க இயலவில்லை. சூரியனின் வெளி வளிமண்டலமான மகுடத்தில் (கொரோனா) வெடிப்பின்போது ஓர் இடம் திடீரென மங்குவதை ஆங்கிலத்தில் coronal dimming என்பர். அதற்கு 'மகுட மங்கல்' என்பதே என் பரிந்துரை.

1997 மே 12 அன்று நடந்த சூரிய வெடிப்பைப் பாருங்கள். சூரியனை ஆராயும் சோகோ (SOHO) விண்கலம் எடுத்த புறஊதாப் படங்களில், வெடித்த இடத்தின் இருபுறமும் இரண்டு இருண்ட திட்டுகள் தெரிந்தன. மேலெழுந்த காந்தக் கயிற்றின் (முறுக்கிய காந்தப்புலக் கற்றையின்) இரு கால்களும் ஊன்றியிருந்த இடங்கள் அவை என்பது பரவலான விளக்கம். கயிறு விரிந்து வெளியேறும்போது, பத்து லட்சம் பாகைக்கு மேல் சூடான பிளாஸ்மாவும் (மின்னூட்டம் பெற்ற வாயு) கூடவே போய்விடுகிறது. அங்கே புறஊதா ஒளிர்வு அடர்த்தியின் இருபடியைப் பொறுத்தது. அடர்த்தி பாதியானால் ஒளிர்வு கால் பங்காகிவிடும். அதனால்தான் திட்டு அவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது.

இதுவரை உங்கள் சொல் பொருந்தும். ஆனால் மங்குவதெல்லாம் இழப்பல்ல. பிளாஸ்மா சூடேறினாலோ குளிர்ந்தாலோ ஓர் அலைநீளத்தில் எடுத்த படத்திலிருந்து அது மறைந்துவிடும். பொருளோ அங்கேயேதான் இருக்கும். வெவ்வேறு வெப்பநிலைகளைக் காட்டும் பல அலைநீளங்களிலும் ஒருசேர மங்கினால்தான் பொருள் போய்விட்டது என்று துணிய முடிகிறது. படத்தில் தெரிவதற்கு ஒரு பெயர் வேண்டும். காரணத்தை ஆய்வு சொல்லட்டும்.

விண்மீன்களில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். அங்கே வெடிப்பை நேரே படம்பிடிக்க வழியில்லை. எக்ஸ் கதிரும் புறஊதா ஒளியும் திடீரெனக் குறைவதுதான் தடயம். 2021இல் வெளிவந்த ஆய்வொன்று 13 விண்மீன்களில் இத்தகைய 21 மங்கல்களைக் காட்டி, அவை பொருள் வீச்சின் அறிகுறிகள் என்று வாதிட்டது. பெயரிலேயே 'இழப்பு' இருந்தால் அந்த வாதத்துக்கு வேலையே இல்லாமல் போகும்.

'தற்காலிக மகுடத் துளை' என்றும் ஒரு முன்மொழிவு வந்தது. 1970களில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் காலத்தில் அப்படி வழங்கியதுண்டு. ஆயினும் மகுடத் துளைகள், அதாவது மகுடத்தில் வெடிப்பின்றியே இருண்டு தெரியும் பகுதிகள், மாதக்கணக்கில் நீடிப்பவை. மங்கல் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மீண்டுவிடும். இரண்டையும் ஒரே பெயரின் கீழ் வைத்தால் மாணவர் குழம்புவர்.

'கொரோனா மங்கல்' என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'மகுடம்' கிளைச்சொற்களுக்கு எளிது, அவ்வளவே. இரட்டை மங்கல், மங்கற்பரப்பு, மங்கல் ஆழம், மங்கல் மீட்சி ஆகிய நான்கையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். 'மீட்சி'க்குப் பதில் 'தெளிவு' என்பாருண்டா?