ஆயாவுக்கு வயசு 84ஆ, 88ஆ? சேலத்துக்காரர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

தறிமேடை:
அம்மாப்பேட்டையில் எங்கள் ஆயா போன வாரம் தவறிவிட்டார். ஆதாரில் 01.01.1941 என்று இருக்கிறது, அந்த ஜனவரி ஒன்றைப் பார்த்தாலே தெரியும், யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. ஆயா சொல்வது ‘தாது வருஷம், மாசி மாசம்’. தேடினால் 1876 பஞ்சம்தான் வந்து நிற்கிறது, அவ்வளவு வயதா ஆகியிருக்கும்! எனக்கு நினைவிருப்பது இரண்டே விஷயம். மேட்டூர் அணை திறந்த வருஷம் பிறந்த அண்ணன் அவருக்கு மூன்று வயது மூத்தவர். அப்புறம், ஆயா வயசுக்கு வந்து குச்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெயிலில் சுட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாம், சீர் கொண்டுவந்த மாமா தட்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு அஸ்தம்பட்டிப் பக்கம் ஓடினாராம். காரியப் பத்திரிகையில் எத்தனை வயது போடுவது?

குகைக்காரன்:
தாது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் தம்பி. 1876க்கு அடுத்த தாது 1936 சித்திரையில் பிறந்தது, அதில் மாசி என்றால் 1937 பிப்ரவரி, மார்ச். அணை திறந்தது 1934 ஆகஸ்ட். அண்ணன் கணக்கும் சரியாக வருகிறது.

மலையடிவாரம்:
ஜெயில் விஷயம்தான் இதில் கெட்டியான சாட்சி. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டது 1950 பிப்ரவரி 11, செத்தவர்கள் 22 பேர். அப்போது ஆயாவுக்கு 13 நிறைகிற சமயம். ஆதாரை நம்பினால் 9 வயது. அந்தக் காலத்தில் 9 வயதுப் பிள்ளைக்கு யார் குச்சு கட்டினார்கள்?

கன்னங்குறிச்சி கண்ணன்:
கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தது, 1937 அக்டோபர் 1. ஆயா ஏழெட்டு மாதக் கைக்குழந்தை. 1971ல் மாநிலம் முழுக்கக் கடையைத் திறந்தபோது 34 வயதுக்காரி. நீதிக்கட்சி திராவிடர் கழகமானதும் நம்மூரில்தான், 1944ல், ஆயாவுக்கு ஏழு வயது. நயா பைசா வந்தபோது 20. கடைசிவரை அணாவில்தானே கணக்குப் பேசியிருப்பார்?

தறிமேடை:
ஆமாம் அண்ணா, நாலணாவுக்குத் தார் சுற்றிய கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்! 88 என்றே போடச் சொல்லிவிட்டேன். பெரியப்பாதான் ஆதாரில் இருப்பதைப் போடு என்று ஒற்றைக்காலில் நின்றார். நீங்கள் எந்த வருஷம் பெரியப்பா என்று கேட்டேன். 1955 என்றார். ஆதார்படி அப்போது ஆயாவுக்கு 14 என்றேன், விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.