டாப் பேட்டன் கடினமா, மென்மையா? சென்னை மதியக் காற்றுக்கு எது?

வாடைக்காற்று
ரெண்டு பேர் ஓட்டுற 14 அடி டிங்கி (சின்னப் பாய்மரப் படகு). மெயின் பாய்ல மேல ஒரு முழுநீள பேட்டன் (பாயை விறைப்பா வைக்க பாக்கெட்டுல செருகுற பட்டை), கீழ லீச் (பாயோட பின்விளிம்பு) ஓரமா மூணு குட்டை பேட்டன். முழுநீளம் பிளந்துபோச்சு, புதுசு வாங்கணும். அதே நீளத்துல மென்மை, நடுத்தரம், கடினம்னு மூணு தரம் இருக்கு. எங்க கிளாஸ் (படகு வகை) விதியில நீளத்துக்கும் எண்ணிக்கைக்கும்தான் வரம்பு, விறைப்புக்கு இல்லை. ரேஸ் பெரும்பாலும் மதியத்துக்கு மேல, சென்னைத் துறைமுகத்தைச் சுத்தி. ரெண்டு பேர் எடையும் சேர்த்து 130 கிலோ. எதை எடுக்கலாம்?

எண்ணூர் மாலுமி
கடினம்தான், யோசிக்கவே வேணாம். கோடையில கடல்காற்று தென்கிழக்குல இருந்து ஏறினா 12 நாட்ஸை (மணிக்கு 12 கடல்மைல்) தாண்டுற நாள் நிறைய. 130 கிலோவுக்கு அது ஏற்கெனவே அதிகம். மென்மையான பேட்டன்னா காற்று வீசி அடிக்கும்போது பாயோட வயிறு (அதிகமா உப்பின இடம்) பின்னால நகர்ந்துடும். மேல் லீச் காற்று வர்ற பக்கமா கொக்கி மாதிரி மடங்கும். படகு சாயும், சுக்கான் கனக்கும், வேகம் செத்துடும். கடினமானது பாயோட தலையை (மேல்பகுதி) தட்டையா வைக்கும், வீச்சு வந்தா லீச் தானா திறந்து காற்றை விட்டுடும்.

லீச் லைன்
மாலுமி அண்ணே, அலையைக் கணக்குலயே எடுக்கலையே. துறைமுகச் சுவர்ல மோதித் திரும்புற அலையும் வெளியிலிருந்து வர்ற அலையும் குறுக்குமறுக்கா கலக்குற இடம் அது. ஒவ்வொரு அலையிலயும் படகு நின்னு நின்னு கிளம்பணும். அதுக்குப் பாயில ஆழம் வேணும். தலை பலகை மாதிரி இருந்தா அந்த இழுவை எங்கேயிருந்து வரும்?

இன்னொண்ணு. காற்று 5, 6 நாட்ஸுக்கு இறங்கினா கடினமான பேட்டன் டேக் பண்ணினதும் (காற்றைக் கடந்து படகைத் திருப்பினதும்) மறுபக்கம் புரளாது. மேல் பாதி பழைய பக்கமே வளைஞ்சு நிக்கும், பாய் எஸ் வடிவத்துல தொங்கும். பூமை (பாயோட அடியில இருக்குற கட்டை) பிடிச்சு வெடுக்குனு இழுத்தாத்தான் புரளும். ஒவ்வொரு டேக்லயும் அதைச் செஞ்சிட்டிருந்தா ரேஸ் ஓட்டுறது எப்போ?

பாயைத் தட்டையாக்க கிக்கர் (பூமைக் கீழே இழுக்கறது), கனிங்ஹாம் (பாயோட முன்விளிம்பைக் கீழே இழுக்கறது), அவுட்ஹால் (பாயோட அடியைப் பின்னால இழுக்கறது)னு மூணு கயிறு கையில இருக்கு. கடினமான பேட்டன் போட்ட தலையை ஓட்டிட்டிருக்கும்போது ஆழமாக்க ஒரு கயிறும் கிடையாது. அதனால மென்மையை எடுங்க.

எண்ணூர் மாலுமி
அந்த மூணு கயிறும் தலை வரைக்கும் எட்டாது தம்பி. அவுட்ஹால் பாயோட அடிப்பகுதிக்கு. கிக்கர் பாய்மரத்தோட கீழ்ப்பாதியை வளைக்கும். கனிங்ஹாம் இழுத்தா மேல் லீச் திறக்கும்ங்கிறது மர உச்சி வளைஞ்சு கொடுக்குற படகுக்கு. உச்சி விறைப்பான அலுமினிய மரம்னா எவ்வளவு இழுத்தாலும் வயிறு கொஞ்சம் முன்னால வரும், அவ்வளவுதான். காலையில லேசான காற்றுக்கு நீ சொல்றது சரி. அவர் கேட்டது மதியத்துக்கு.

பேட்டன் தச்சன்
இருவரும் லேபிளை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். ஒரு தயாரிப்பாளரின் ‘நடுத்தரம்’ இன்னொருவரின் ‘கடினம்’. அளந்து பாருங்கள், கிச்சன் ஸ்கேல் போதும். தரையில் வைத்து அதன்மேல் பேட்டனைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் நுனியை உள்ளங்கையால் நேர் கீழாக அழுத்துங்கள். எடை ஏறிக்கொண்டே போய், பேட்டன் வளையத் தொடங்கியதும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் நின்றுவிடும். அதுதான் அந்த பேட்டனின் எண். பிளந்ததற்கு முன்பு அளவு எடுத்து வைத்திருந்தால் அதோடு ஒப்பிடலாம்.

அந்த எண்ணை விட எனக்கு முக்கியமாகப் படுவது வளைவின் இடம். அதே நிலையில் அழுத்திப் பிடித்து, அதிக ஆழம் எங்கே விழுகிறது என்று மார்க்கரால் குறியுங்கள். ஒரே தடிமனான பட்டை சரியாக நடுவில், 50 சதவீதத்தில் வளையும். முழுநீள டாப் பேட்டனுக்கு முன்நுனியிலிருந்து 40 முதல் 45 சதவீதத்தில் விழ வேண்டும். மாலுமி சொன்ன கொக்கி மடிப்புக்குக் காரணம் பல நேரம் மென்மை அல்ல, வளைவு பின்தள்ளி விழுவதுதான்.

பின்தள்ளி இருந்தால் முன்பகுதியைத் தேய்த்து மெலிதாக்கலாம். விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப மாறும், அதனால் நிதானம் வேண்டும். 2 மி.மீ. பட்டையை 1.8 ஆக்கினால் அந்த இடத்தின் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும், 1.6 ஆக்கினால் பாதிதான் மிஞ்சும். 120 எண் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே விழும் கீறலில்தான் பிளவு தொடங்கும். நாலு இழுப்புக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். முடிவில் 220 போட்டு, மெல்லிய எபாக்ஸி ஒரு பூச்சு. கண்ணாடி இழைத் தூசு தோலில் ஏறினால் அரிப்பு தாங்காது, மூச்சில் போகவே கூடாது. மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

ஐ.எல்.சி.ஏ. (முன்பு லேசர் எனப்பட்ட, ஒருவர் ஓட்டும் டிங்கி) ஓட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேப்பரை எடுக்க வேண்டாம். நம்ம ஊர் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டிய வகை அது. அதில் அதிகாரபூர்வத் தயாரிப்பாளர் தரும் பேட்டன்தான், கை வைக்கக் கூடாது.

லீச் லைன்
தச்சன் சார் சொன்னதோட ஒண்ணு. பேட்டனை பாக்கெட்டுல இறுக்கிக் கட்டுற கயிறு எவ்வளவு இறுக்கம்னு யாருமே கேக்கலை. முழுநீள பேட்டனை இறுக்கினா அது அமுங்கி வளையும், தலை ஆழமாகும். பாக்கெட்டுக்குக் குறுக்கே நிக்கிற சுருக்கம் மறையுற வரை இறுக்கி அங்கேயே நிறுத்தணும். பலத்த காற்றுக்கு ஒரு இழை தளர்த்தலாம். கரைக்கு வந்ததும் முழுசா தளர்த்திடணும், இல்லன்னா பாக்கெட் துணி இழுபட்டுப் போகும்.

வாடைக்காற்று
குட்டை பேட்டன் மூணையும் சேர்த்து மாத்தணுமா? ரெண்டாவதோட உள்நுனிகிட்ட ஒரு மடிப்பு தெரியுது.

பேட்டன் தச்சன்
முதலில் வெளியே எடுத்து, எந்த நுனி மெலிது என்று பாருங்கள். மெலிது உள்ளே, தடிப்பு லீச் பக்கம். திருப்பிச் செருகியிருந்தால் அந்த மடிப்புதான் வரும். கதவுக்கீல் போல பாய் அங்கே ஒடியும். ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போட்டு வையுங்கள். சரியான பக்கம் செருகியும் மடிப்பு போகாவிட்டால் அந்த ஒன்றின் உள்நுனியை மட்டும் தேயுங்கள். மூன்றையும் மாற்ற அவசியமில்லை.

வாடைக்காற்று
சரி, நடுத்தரம் ஒண்ணு, கடினம் ஒண்ணு வாங்கி ரெண்டையும் அளந்து பாக்கறேன்.

லீச் லைன்
கடினத்துக்குக் கொடுக்கிற காசு வீண்.

எண்ணூர் மாலுமி
வீணா இல்லையானு தண்ணியில பாத்துக்கலாம். ஒரே மாதிரி ரெண்டு படகு, காற்றை எதிர்த்துப் பக்கத்துல பக்கத்துல 10 நிமிஷம். அப்புறம் பாய் அப்படியே இருக்கட்டும், பேட்டனை மட்டும் மாத்திக்கிட்டு இன்னொரு 10 நிமிஷம். ரெண்டு தடவையும் டாப் பேட்டன் நுனி டெல்டேலை (காற்றோட்டம் காட்டுற சின்ன நாடா) பாருங்க, பாதி நேரத்துக்கு மேல பின்னால பறக்கணும். லீச்சுக்குப் பின்னால போய் ஒளிஞ்சே கிடந்தா அந்த பேட்டன் உங்க எடைக்கு மென்மை. அப்புறம், போட்டி தொடங்கின பிறகு பேட்டன் மாத்தணும்னா சில கிளாஸ்ல அளவையாளர் அனுமதி வேணும். உங்க விதியில அந்தப் பத்தி இருக்கானு பாத்துட்டு ரெண்டாவதை வாங்குங்க.