மறு: ‘ஹெட்ரூம்’ தமிழில் – ‘கொள்மிச்சம்’ சரிவருமா?

வணக்கம்.

புதுக் குடியிருப்புகள் வரப்போகிற ஊரகப் பகுதிகளில் உள்கட்டமைப்பைத் திட்டமிடுவதற்கான சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், துணைமின் நிலையம், மழைநீர் வடிகால், மேல்நிலைத் தொட்டி எல்லாம் நாளிதழிலேயே வரும் சொற்கள். அவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. ஹெட்ரூமில்தான் (headroom: ஒரு வசதியில் புதிதாக வருபவர்களுக்கு இன்னும் எவ்வளவு இடமிருக்கிறது என்ற அளவு) முட்டிக்கொண்டு நிற்கிறோம். இதுவரை வந்தவை உபரித்திறன், கையிருப்புத் திறன், மேல்வெளி. நான் ‘கொள்மிச்சம்’ என்பதை முன்வைக்கிறேன். ஒரு வட்டாரத்தில் இன்னும் எத்தனை வீடு கட்டலாம் என்பது கடைசியில் இந்த ஓர் எண்ணில்தான் வந்து நிற்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேல்வெளியை முதலில் தள்ளிவிடலாம். ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து ஒட்டியது அது. படிப்பவருக்கு வானம்தான் நினைவுக்கு வரும். கையிருப்புத் திறன் நல்ல தமிழ்தான், ஆனால் அது வேறு பொருளுக்கு வேண்டும். ஒரு மின்மாற்றி பழுதானால் இன்னொன்று முழுச் சுமையையும் ஏற்க வேண்டும் என்று மின்துறையில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார்கள். அதுதான் கையிருப்பு. ஹெட்ரூம் என்பது அந்த ஒதுக்கீட்டையும் கழித்த பிறகு நிற்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அவசரத்துக்கு வைத்ததையும் சேர்த்து மனைகளுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள்.

> உபரித்திறன் எல்லோருக்கும் புரியும். நீர்த்துறையில் ‘உபரிநீர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

புரியும் என்பதில் சந்தேகமில்லை. என்ன புரியும் என்பதுதான் கேள்வி. உபரிநீர் என்றால் நமக்கு வேண்டியது போக வழிந்தோடுவது, திறந்துவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. ஹெட்ரூம் அப்படிப்பட்டது இல்லை. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாகவே வைக்கிறேன். நாளுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவில் கட்டியது. இப்போது வருவது 7 லட்சம். ‘உபரி 3 லட்சம்’ என்று அறிக்கையில் எழுதிவிடலாம். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றால் ஒரு வீட்டுக்கு 400 லிட்டர். அப்படிப் பார்த்தால் இன்னும் 750 வீடு கட்டலாம்.

ஆனால் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்து இன்னும் கட்டாமல் கிடக்கும் மனைகள் 400 இருக்கின்றன என்று வைப்போம். அவை கேட்கப்போவது 1.6 லட்சம். பழைய குழாய்களின் இணைப்பு வழியாக ஈரக் காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே கசியும். அதற்கு ஒரு லட்சம் விட்டுவைக்க வேண்டும். நிற்பது 40,000 லிட்டர். அதாவது 100 வீடு.

750 எங்கே, 100 எங்கே! உபரி என்ற சொல் முதல் எண்ணைத்தான் நாக்கில் கொண்டுவருகிறது. மிச்சம் என்ற சொல் இரண்டாவது எண்ணைக் கேட்கிறது. மாதக் கடைசியில் கையில் எவ்வளவு மிச்சம் என்று ஒருவரைக் கேட்டால், வாடகையும் கடன் தவணையும் போகத்தான் சொல்வார். கழித்த பிறகு நிற்பது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே பதிவு இப்படி இருக்கலாம்: ‘ஒரு வசதியின் கொள்ளளவிலிருந்து இன்றைய பயன்பாடு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அளவு, பாதுகாப்புக்காக விட்டுவைப்பது ஆகிய மூன்றையும் கழித்த பின், புதிதாக வருபவர்களுக்கு இருக்கும் அளவு.’

நடுவில் உள்ள ‘ஒப்புக்கொண்ட அளவு’ பதிவில் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். பத்து மனைப்பிரிவு விண்ணப்பங்கள் பத்து வேறு நாளில் வருகின்றன. ஒவ்வொன்றும் அதே 3 லட்சத்தைக் காட்டி, ‘எங்களுக்கு வேண்டியது 50,000 தானே’ என்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி. சேர்த்துப் பார்த்தால் 5 லட்சம். இதை யாரும் ஏமாற்றிச் செய்யத் தேவையில்லை. பேரேட்டில் அந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் தானாகவே நடக்கும்.

அப்புறம், கொள்ளளவு என்றதும் தொட்டியும் குழாயும்தான் கண்ணில் நிற்கின்றன. ஊரகத்தில் பல நேரம் இடிப்பது தொட்டி இல்லை, ஓடை. சின்ன நிலையம் சின்ன ஓடையில் நீரை விடுகிறது. கோடையில் ஓடை மெலிந்துவிட்டால் கழிவு நீர்த்துப்போக வழியில்லை. தொட்டியை இரண்டு மடங்காக்கினாலும் ஓடை இரண்டு மடங்காகாது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் நைட்ரஜன் சேர்வது பற்றிய நெதர்லாந்து வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் வீட்டுத் திட்டங்களிலேயே வந்து நின்றது. 2022 மார்ச்சுக்குள் 74 உள்ளூர்த் திட்டமிடல் அமைப்புகளின் எல்லைக்குள் வரும் பகுதிகளில், பாதுகாக்கப்பட்ட நீர்நிலைகளில் கழிவுநீரோடு கூடுதல் நைட்ரஜனோ பாஸ்பரஸோ சேராது என்று காட்டாமல் புது வீட்டுக்கு ஒப்புதல் கிடைக்காது என்ற நிலை. கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள ஊரகப் பகுதியில் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே குடிநீர் வருவது சுண்ணப் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீரிலிருந்து. அந்தப் பக்கத்து ஓடைகளுக்கு ஊற்றும் அதே பாறைதான். இன்னும் இறைத்தால் ஓடைகள் கெடும் என்று நாட்டின் சுற்றுச்சூழல் முகமையே பெரிய வீட்டுத் திட்டங்களுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. குழாய் போடலாம், பம்பு வைக்கலாம். பாறையில் மிச்சம் இல்லை.

இதனால் பதிவில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: எந்த வரம்பு முதலில் இடிக்கிறதோ அதன் மிச்சமே கொள்மிச்சம்.

> தொட்டிக்கும் குழாய்க்கும் ‘கொள்’ பொருந்தும். மின்சாரத்துக்கும் சாலைக்கும் ‘தாங்கும்’ என்றுதானே சொல்கிறோம்?

நியாயமான கேள்வி. டிரான்ஸ்பார்மர் தாங்காது என்றுதான் நாம் சொல்கிறோம். தாங்குமிச்சம் என்று வைக்கலாமா என்று நானும் யோசித்தேன். இரண்டு காரணங்களால் கொள் பக்கம் சாய்கிறேன். ஒன்று, கொள் பாத்திரத்தோடு நின்றுவிடும் வினை இல்லை. மண்டபம் ஆயிரம் பேர் கொள்ளும் என்கிறோம், கண்கொள்ளாக் காட்சி என்கிறோம். அடுத்தது எனக்கு முக்கியம். ‘இந்தப் பள்ளி இன்னும் 60 பிள்ளைகளைத் தாங்கும்’ என்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் பாரமாகிவிடுகிறார்கள். ‘இன்னும் 60 பிள்ளைகள் கொள்ளும்’ என்றால் அப்படி இல்லை. புதிதாகக் குடிவருபவர்களைப் பற்றிய ஆவணங்களில் இந்தச் சொல் நூறு இடங்களில் வரப்போகிறது. அவர்களைச் சுமையாகப் பேசும் சொல்லை நாமே உருவாக்கிக் கொடுக்க வேண்டாம். தாங்குதிறன் சூழலியலில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஊரகத்தில் கம்பிகள் நீளமானவை, மெல்லியவை. மின்மாற்றியில் இடமிருந்தாலும் கடைசி வீட்டில் மின்னழுத்தம் இறங்கிவிடும். கூரைகளில் சூரியத் தகடு வந்துவிட்டால் நண்பகலில் அதே கடைசி வீட்டில் மின்னழுத்தம் ஏறிவிடும். ஆக மின்சாரத்துக்கு மிச்சம் இரண்டு: வாங்கும் பக்கக் கொள்மிச்சம், அனுப்பும் பக்கக் கொள்மிச்சம். மற்ற வசதிகளுக்கு இந்தப் பிரிவு தேவையில்லை.

இலக்கணம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நாள் + மீன் நாண்மீன் ஆவதுபோல இது ‘கொண்மிச்சம்’ ஆக வேண்டாமா என்று. பழைய வழக்கில் மேகத்தைக் குறிக்கும் கொண்மூ இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று நெல் கொள்முதல் நிலையத்தை யாரும் கொண்முதல் நிலையம் என்று எழுதுவதில்லை. கொள்முதல் நிற்கிற இடத்தில் கொள்மிச்சமும் நிற்கலாம். மிச்சத்துக்குப் பதிலாக எச்சம் என்ற யோசனையும் வந்தது. எச்சம் இலக்கணத்தில் அழகான சொல். பறவையின் எச்சத்துக்கும் அதே சொல் என்பதால் கழிவுநீர் அறிக்கையில் அது வேண்டாம்.

சரி, இனி சொல்லைவிடச் சொல்லோடு சேர்ந்து வர வேண்டியது பற்றி. கொள்மிச்சம் என்ற எண்ணைத் தேதி இல்லாமல் எழுதவே கூடாது. வீடுகள் சிறுகச் சிறுகக் கூடுகின்றன. வசதிகள் மொத்தமாகத்தான் கூடும். கால் வகுப்பறையோ அரைத் துணைமின் நிலையமோ யாரும் கட்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் முதல் 300 வீடு வரை மிச்சம் இருக்கும், 301ஆவது வீட்டில் ஒன்றுமே இருக்காது, புதிய நிலையம் திறந்த மறுநாள் ஏராளமாக இருக்கும். பள்ளியில் இது இன்னும் விசித்திரம். புதுக் குடியிருப்புக்கு வருபவர்களில் இளம் குடும்பங்கள் அதிகம் என்பதால் தொடக்க ஆண்டுகளில் தொடக்கப் பள்ளி பிதுங்கும், அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கே பெஞ்சு காலியாகி நெருக்கடி மேல்நிலைப் பள்ளிக்குப் போகும். அதே கேம்பிரிட்ஜ் பக்கத்தில் 10,000 வீடுகளுக்கென்று திட்டமிட்ட நார்த்ஸ்டோவில் 2017இல் முதல் குடும்பங்கள் வந்தன. பள்ளி உடனே வந்துவிட்டது. கடையும் மருத்துவரகமும் பல ஆண்டுகள் வரவில்லை. ஒரே ஊரில் ஒரு வசதிக்கு மிச்சம், இன்னொன்றுக்கு வெறும் கை.

எந்த அளவுகோலில் கணக்கிட்டது என்பதையும் கூடவே எழுத வேண்டும். இந்தியாவில் ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு வைத்த அளவு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர்; பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான அளவு 135. 55ஐ வைத்துப் போட்ட குழாயில் ஆயிரம் பேருக்கு மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, நகரத்து அளவில் தண்ணீர் செலவழிக்கும் அடுக்ககத்தை இணைத்தால், அந்த ஆயிரம் 407 ஆகிவிடும். குழாயின் கடைசியில் இருக்கும் பழைய தெருவுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். அங்கே இருப்பவர்கள் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

பட்டியலில் உள்ள இன்னொரு சொல்லான ‘கன்கரன்சி’க்கு (concurrency) உடனிகழ்வு என்று ஒருவர் எழுதியிருந்தார். கணினியியலில் அது புழங்குவதால், இங்கே ‘உடனமைவு’ என்று வைக்கலாம்: வீடு வரும்போதே வசதியும் அமைந்திருக்க வேண்டும் என்ற விதி. நியூயார்க் மாநிலத்தின் ராமாபோ ஊர் 1969இலேயே இதைச் செய்து பார்த்தது. சாக்கடை, வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை எந்த அளவுக்குக் கிடைக்கின்றன, எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று மதிப்பெண் போட்டு, 15 புள்ளி வந்தால்தான் ஒப்புதல். வசதிகளை 18 ஆண்டுகளில் முடிப்பதாக ஊர் தன் பங்குக்கு உறுதி தந்தது. 1972இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஊரும் ஒரு தேதிக்குக் கட்டுப்பட்டதுதான் அந்த முறையின் உயிர் என்று நினைக்கிறேன்.

ஃபுளோரிடா 1985இல் மாநிலம் முழுவதற்கும் உடனமைவைச் சட்டமாக்கியது. சாலையில் அது எதிர்விளைவைத் தந்தது. ஊருக்குள் சாலை நெரிசல், கொள்மிச்சம் இல்லை. ஊருக்கு வெளியே காலிச் சாலை, கொள்மிச்சம் தாராளம். ஆக, வீடுகள் வயல்வெளிக்கு ஓடின. 2011இல் சாலை, பள்ளி, பூங்காவுக்கு அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கி, குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, வடிகால் நான்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே பதிவில் ஒரு குறிப்பு வேண்டும்: கொள்மிச்சம் எத்தனை வீடு என்பதற்குப் பதில் சொல்லும், எங்கே கட்டுவது என்பதற்கு அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

சொல் புழக்கத்தில் நிற்குமா என்று பார்க்கச் சில வாக்கியங்கள்: ‘மேற்குப் பகுதியின் கழிவுநீர்க் கொள்மிச்சம் 2028 வரை 100 வீடு.’ ‘இந்த ஒப்புதலோடு துணைமின் நிலையத்தின் கொள்மிச்சம் தீர்ந்தது.’ ‘கொள்மிச்சத்தைக் கூட்டும் பணி முடியும்வரை 301ஆவது வீட்டில் குடியேறக் கூடாது.’ எனக்குத் தடுக்கவில்லை. உங்களுக்கு எங்கே தடுக்கிறது என்று வாக்கியத்தோடு எழுதுங்கள்.

கழித்துப் பார்த்தால் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும் இடங்களுக்கு ‘கொள்குறை’ என்று இன்னொரு சொல்லை உண்டாக்க வேண்டாம். அதற்குப் பற்றாக்குறை போதும்.