ஜோபர்க் குளிரில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

ஜூன் பிறந்தால் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் வரும் கேள்வி இது: "நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய வண்டி, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?" தென்னாப்பிரிக்காவில், ஜோபர்க் என்று நாம் சொல்லும் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ராண்ட், சென்ச்சூரியன் பக்கம் புதிதாகக் குடிவந்து, பழைய கார் ஒன்றை வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வருகிறவருக்கு ஜூன் மாதம் குளிரும் என்பதே மனதில் பதியச் சில நாள் ஆகும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். அந்தக் குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது, எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிறது. அதாவது பேட்டரிக்குத் தெம்பு குறையும் நேரத்தில்தான் வேலை கூடுகிறது. ஆனால் அதன் ஆயுளை உண்மையில் தின்றது இங்கே கோடையான போன டிசம்பர், ஜனவரி வெயில். டர்பனில் இருப்பவர்களுக்கு இந்தக் காலைத் தொல்லை குறைவு.

சரி, சாவியைத் திருப்பியதும் என்ன கேட்கிறது? "டக் டக் டக்" என்று வேகமாக அடித்துக்கொண்டு, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு "டக்", விளக்குகளோ பளிச்சென்று எரிகின்றன என்றால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். எஞ்சின் வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல், ஸ்பார்க் பிளக், சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசர் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். எதுவுமே நடக்கவில்லை, விளக்கு கூட இல்லை என்றால் முதலில் பானெட்டைத் திறந்து, பேட்டரியில் கேபிள் மாட்டும் முனைகளான டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

அந்தக் கடைசி வரியை நான் காசு கொடுத்துக் கற்றேன். இங்கே என் முதல் குளிர்காலத்தில் வண்டி செத்தது போல் நின்றது. பதறிப்போய் ஒரு கடைக்குப் போன் செய்தேன். வந்தவர் எதையும் சோதிக்காமல் புது பேட்டரியை வைத்துவிட்டுப் போனார். பத்தே நாளில் மறுபடி அதே கதை. டெர்மினல் கிளாம்ப் வெள்ளைப் பொடி பூத்துத் தளர்ந்து கிடந்தது. அதைச் சுத்தம் செய்து இறுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது. வெந்நீரில் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் அந்தப் பொடி போய்விடும். கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள்.

விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் அதுவும் தீர்ந்துபோகும்.

டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்புகிறவர்கள் கவனியுங்கள். இன்சூரன்ஸுக்காகப் பொருத்திய, வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர், அலாரம் எல்லாம் நிற்கும் வண்டியிலும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-ஹவர், 40 நாளில் 48. பேட்டரியின் கொள்ளளவே 60 ஆம்பியர்-ஹவர்தான் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? நண்பரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். மைனஸைக் கழற்றி வைப்பதாக இருந்தால் டிராக்கர் நிறுவனத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், திருட்டு என்று நினைத்து அழைப்பார்கள்.

ஜம்பர் கேபிள் போடும்போது சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும், அதனால்தான் கடைசி முனையைப் பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுகிறோம். இருட்டிய பிறகு வெளியில் மாட்டிக்கொண்டால் உதவ வரும் முகம் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து, இன்சூரன்ஸின் சாலை உதவி எண்ணை அழையுங்கள். பல பாலிசிகளில் அது சேர்ந்தே இருக்கிறது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய பேட்டரியில் 646, 652 போல ஒரு எண் இருக்கும். இங்கே கடைகளில் அளவு கேட்பது அந்த எண்ணை வைத்துத்தான். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலை குறையும்.

குழுவில் கேட்கும்போது வண்டியின் மாடல், எந்த ஆண்டு, என்ன சத்தம் வந்தது, மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள். ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.