மத்தியான ஆட்டம் வள்ளி திருமணம்: அம்மாவையும் மகளையும் கூட்டிப் போகலாமா?

தக்கலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாடகக் குழு ஒன்று நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வள்ளி திருமணம் போடுகிறது. விடிய விடிய நடக்கிற நாடகத்தைச் சுருக்கி, மத்தியானம் இரண்டரையிலிருந்து ஐந்தரைக்குள் முடிக்கிறார்களாம். அம்மாவுக்கு 76 வயது. முட்டுவலி, காதும் கொஞ்சம் மந்தம். மகள் நாலாம் வகுப்பு. பபூன் பேச்சு ஒரு மாதிரி இருக்கும் என்று வீட்டில் தயங்குகிறார்கள். ஆனால் அப்பா போன பிறகு எதற்கும் வெளியே வராத அம்மா, இதற்கு மட்டும் "வாறேன்" என்று சொல்லிவிட்டாள். யாராவது பார்த்தீர்களா?

கோட்டார் வாசி:
பார்த்தேன். வாசலில் நாலு படிதான், பிடிமானம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, அம்மாவுக்கு ஒரு தலையணை கொண்டு போங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டாம், சத்தம் தலையைப் பிளக்கிறது.

ஒழுகினசேரிக்காரன்:
தங்கச்சி, தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் போயிருந்தோம். பபூன் பேச்சு ஒன்றிரண்டு இடத்தில் வழுக்கத்தான் செய்தது. ஆனால் எதிரே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவரே அடக்கிக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேளுங்கள். பக்கவாத்தியக்காரர்கள் இருக்கிற பக்கமாக இடம் பிடியுங்கள். சிரிப்பில் பாதி அங்கேதான் பிறக்கிறது. பபூன் ஒரு வரி பாடி நிறுத்திவிட்டு மிருதங்கக்காரரைப் பார்ப்பார். அவர் வாயே திறக்காமல் ஒரே ஒரு தட்டு தட்டுவார், அதுதான் பதில். ஆர்மோனியக்காரர் காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு "ஆமா" போடுவார். இதெல்லாம் மனப்பாட வசனம் இல்லை, அன்றன்றைக்கு மேடையிலேயே வருவது.

முருகன் கிழவனாக வருகிற காட்சியை அம்மா விடவே கூடாது. வள்ளி கொடுத்த தேனும் தினைமாவும் தின்று கிழவனுக்கு விக்கல் எடுக்கிறது. முதல் விக்கலுக்கு மிருதங்கத்தில் ஒரு தட்டு. அடுத்ததற்கு இரண்டு. அப்புறம் விக்கலே தாளமாகிவிட்டது, அந்தத் தாளத்திலேயே தண்ணீர் கேட்டுப் பாட ஆரம்பித்தார்! ஒரு விக்கல்கூடத் தாளம் தப்பவில்லை. சுருதியும் விலகவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படிப் பாட எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதை நமக்கு வெளியூர்க் கதையும் இல்லை. வள்ளி தினை காத்தது நம் வேளிமலையில்தான் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். பங்குனித் திருக்கல்யாணத்தில் அந்த மலையடிவாரத்துக் குமாரகோவிலில், வள்ளியின் சொந்தக்காரக் குறவர்கள் முருகனோடு சண்டை போட்டுத் தோற்கிற குறவர் படுகளம் பார்த்திருப்பீர்கள். போகும் முன்னே மகளிடம் அதைச் சொல்லி வையுங்கள். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில்தான், அதாவது சிறுவர் நாடகக் குழுவில்தான், பிற்பாடு பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்தார்கள். அவர்கள் குழுவில் நடித்துத்தான் எங்கள் ஊர் என்.எஸ்.கிருஷ்ணன் கலைவாணர் ஆனார். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் அவர். அந்த மேடைக்கு நாம் போய் உட்கார வேண்டாமா?

குலசேகரம் டீச்சர்:
அண்ணாச்சி சொல்வது அத்தனையும் சரி. எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நேரத்துக்காக வள்ளி–நாரதர் தர்க்கத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே பதில் என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டுவதுதான் இந்த நாடகத்தின் உயிர். சூடு பிடிக்கும் நேரத்தில் நாரதர் கிளம்பிவிட்டார். விக்கல் காட்சியைக் குறைத்தாவது அதை முழுசாகப் போட்டிருக்கலாம். காது மந்தம் என்று யோசிக்காதீர்கள் மக்களே, அந்த வயதுக்காரர்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

தக்கலைக்காரி:
நேற்றுப் போய் வந்தோம். அண்ணாச்சி சொன்ன பக்கத்திலேயே மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. டீச்சர் சொன்னது மாதிரியே, வள்ளி பரண் மேல் ஏறிப் பறவை விரட்ட ஆலோலம் பாடத் தொடங்கியதும் அம்மாவின் உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தமாகவே பாடினாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் நாற்காலியை நகர்த்தி அம்மாவுக்கு மேடை தெரியும்படி வழி விட்டார். விக்கல் காட்சியில் மகள் எழுந்து நின்றே பார்த்தாள்.

திரும்பி வரும்போது வில்லுக்குறி தாண்டியதும் மகளுக்கு அம்மா ஜன்னல் வழியாக வேளிமலையைக் காட்டினாள். வீடு வரைக்கும் ஒரே பேச்சு. அப்பா சைக்கிளில் நாடகம் பார்க்கக் கூட்டிப் போனதெல்லாம் நேற்றுத்தான் முதல் தடவையாகச் சொன்னாள்.

இப்போது மகளுக்குத் தேனும் தினைமாவும் வேண்டுமாம். அம்மா காலையிலேயே உரலைக் கழுவி வைத்துவிட்டாள். தக்கலைச் சந்தையில் நல்ல தினை எந்தக் கடையில் கிடைக்கும்?