இன்ஜினியரிங் காலேஜ்கள்ல மெக், சிவில் பிராஞ்சை மூடுறாங்க: உங்க அனுபவத்தைப் பகிருங்க

பட்டறைவாசி:
கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ், பேர் வேண்டாம். மெக்கானிக்கல் அட்மிஷன் விழுந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்கு மனசுல நிக்கறது ஒர்க்‌ஷாப்பைக் காலி பண்ண அன்னைக்குத்தான். பழைய இரும்பு வாங்கறவங்க லேத்தை, அதாவது இரும்பைக் கடையற மெஷினை, கடப்பாறை போட்டு நெம்பினாங்க, அசையல. ஃபவுண்டேஷன் போல்ட்டை கேஸ் கட்டர்ல அறுத்துட்டாங்க. லேத்தோட கடைசி முனையில இருக்கற டெயில்ஸ்டாக் வீலைச் சும்மா ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன், அவ்வளவு லேசா ஓடுச்சு. எங்க லேப் அசிஸ்டெண்ட் அந்த வாரம் கூட எண்ணெய் போட்டிருக்கார். கிலோ கணக்குல எடை போட்டு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. தெர்மோடைனமிக்ஸ் பாடம் எடுத்த நான் இப்ப அதே ஹால்ல பைத்தான் கோடிங் எடுக்கறேன்.

பேனல்ல உட்கார்ந்தவன்:
கேம்பஸ் இண்டர்வியூ எடுக்கறவன் நான். ஏஐ-டேட்டா சயின்ஸ் பொண்ணு ஒருத்தி. நோயைக் கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட், 98 சதவீதம் சரியா சொல்லுதுன்னா. டேட்டால எத்தனை பேருக்கு நோய் இருந்ததுன்னு கேட்டேன். நூத்துக்கு ரெண்டு பேராம். "அப்ப யாருக்குமே நோய் இல்லன்னு சொன்னாலும் 98 வருமேம்மா?" பேப்பரை இழுத்து அவளே கணக்குப் போட்டா. நிமிர்ந்து பார்த்து, "சார், இதை எங்களை யாருமே கேட்டதில்ல"ன்னா. அவளுக்கு நல்ல மார்க்தான் போட்டேன். ஆப்டிட்யூட் டெஸ்ட் கட்-ஆஃப் எட்டாம வெளிய போயிட்டா.

சைட் இன்ஜினியர்:
பட்டறைவாசி சார், வருத்தம் நியாயம். ஆனா "அட்மிஷன் விழுந்தது"ன்னு மழை பெய்யாத மாதிரி சொல்றீங்க. 2024-25ல ஏஐசிடிஇ (காலேஜ்களுக்கு அனுமதி தர்ற மத்திய அமைப்பு) பிராஞ்ச் சீட்டுக்கான உச்சவரம்பை எடுத்ததும் கம்ப்யூட்டர் சீட்டைக் கூட்டினது மேனேஜ்மெண்ட்தானே? 2023ல அண்ணா பல்கலை உறுப்புக் கல்லூரிகள் சிலதுல தமிழ்வழி சிவில், மெக் நிறுத்தறோம்னு அறிவிச்சதே, கேள்வி கேட்டதும்தான் வாபஸ் ஆச்சு. அதே மாதிரி நீங்க எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்கணும். எங்க சைட்டுக்கு ஒரு பையன் வந்தான், சிவில் டிகிரி. நிலம் அளக்கற டோட்டல் ஸ்டேஷன் கருவியை வீடியோவுல மட்டும்தான் பார்த்திருக்கான். கருவி மட்டமா இருக்கான்னு காட்டற பபிள் நடுவுல நிக்கவே மாட்டேங்குது. வியர்த்துப்போய் நின்னான். எங்க சர்வே ஹெல்ப்பர் பெரியவர், பள்ளிக்கூடம் தாண்டாதவர், அவன் விரலைப் பிடிச்சு ஃபுட் ஸ்க்ரூவைத் திருகிக் காட்டினார். கிண்டி காலேஜே 1794ல சர்வே பள்ளியாத்தான் ஆரம்பிச்சது சார். சென்னையில மெட்ரோ மூணு வழித்தடம் தோண்டிட்டு இருக்காங்க, ஆள் வேண்டாமா?

திருச்சி அம்மா:
என் பொண்ணு ஈஈஈ, அதாவது எலெக்ட்ரிக்கல்தான் வேணும்னா. கவுன்சலிங் சாய்ஸ் பூட்டற ராத்திரி அவ மாமா போன் பண்ணி, கம்ப்யூட்டர் சயின்ஸை (சிஎஸ்இ) மேல தூக்கி வைக்கச் சொன்னார். மவுஸ் அவ கையிலதான் இருந்துச்சு. என்னைப் பார்த்துக்கிட்டே நகர்த்தினா. அவ்வளவுதான் என் கதை.

இனி சேர்க்கப்போற பெற்றோருக்கு: காலேஜுக்கு நாக் (மொத்தக் காலேஜுக்கான தர அங்கீகாரம்) இருக்குன்னு நிம்மதியாயிடாதீங்க. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனியாத் தர்றது, உங்க பிராஞ்சுக்கு இருக்கான்னு கேளுங்க. ஏஐ பாடம் எடுக்கறவங்க எந்தத் துறையில படிச்சவங்கன்னு கேளுங்க. பிளேஸ்மெண்ட் பேனர்ல இருக்கற பெரிய சம்பளத்தை விடுங்க, சம்பள வரிசையில நடுவுல நிக்கற பையனுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. லேபுக்குள்ள நேரா போய்ப் பாருங்க, மெஷின்ல தூசி இருக்கான்னு. என்பிடெல் (ஐஐடிகள் நடத்தற ஆன்லைன் வகுப்பு) பாடங்கள் இலவசம், பரீட்சைக்கு மட்டும்தான் பணம். எந்த பிராஞ்ச் எடுத்தாலும் கோடிங்கை அங்க கத்துக்கலாம், மோட்டாரை வீட்ல கத்துக்க முடியாது. தமிழக அரசோட திறன் பயிற்சித் திட்டம் 'நான் முதல்வன்' 2022ல வந்தது, அதுல எந்தக் கோர்ஸ் கிடைக்கும்னு காலேஜ்ல முன்னாடியே விசாரிங்க.

பட்டறைவாசி:
@சைட் இன்ஜினியர், கேட்டோம் சார். கேட்ட மூணு பேருக்கு அடுத்த செமஸ்டர்ல கிளாஸே போடல. அந்த லேப் அசிஸ்டெண்டுக்கு 20 வருஷ லேத் அனுபவம். உங்க பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க.